உயிர் பிடித்த கன்றுக்குத்தான் காசு: வங்காரி மாத்தாய் பற்றி வாசகர் கேள்விகள்

கென்யாவின் விஞ்ஞானி, பேராசிரியர், நாடாளுமன்ற உறுப்பினர் வங்காரி மாத்தாய் (1940–2011). அவரைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவும் எங்கள் பதில்களும்.

கேள்வி: போட்டித் தேர்வுக்கான புத்தகம் ஒன்றில் ‘ஆப்பிரிக்காவின் முதல் பெண் முனைவர்’, ‘நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்’ என்று இவரைப் போட்டிருக்கிறது. இரண்டும் சரிதானா?

பதில்: இரண்டையும் திருத்திக்கொள்ளுங்கள். 1971இல் நைரோபியில் கால்நடை உடற்கூறியலில் முனைவர் பட்டம் வாங்கியபோது, கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். அதைக் கண்டம் முழுவதற்கும் நீட்டக் கூடாது. நோபலைப் பொறுத்தவரை ‘அமைதிப் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்’ என்று எழுதினால்தான் சரி, ஆண்டு 2004. தென்னாப்பிரிக்க எழுத்தாளர் நாடின் கார்டிமர் 1991லேயே இலக்கியத்துக்கான நோபலைப் பெற்றுவிட்டார்.

இன்னொன்றும் அடிக்கடி தவறாக வருகிறது. கிராமத்துப் பெண்களைக் கொண்டு மரம் வளர்க்க அவர் தொடங்கிய கிரீன் பெல்ட் இயக்கம் 1977இல் தனி அமைப்பாகத் தொடங்கவில்லை. கென்ய தேசியப் பெண்கள் பேரவையின் ஒரு திட்டமாகத்தான் அது முளைத்தது. பத்தாண்டு கழித்து, 1987இல்தான் தனியாகப் பிரிந்தது.

கேள்வி: பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத காலத்தில், ஒரு மலைக்கிராமத்திலிருந்து இவ்வளவு தூரம் படிக்க எப்படி முடிந்தது?

பதில்: ஒரு அண்ணனின் கேள்வி, ஒரு அம்மாவின் சம்மதம், பிறகு நாட்டின் நேரம். இந்த மூன்றும் சேர்ந்தன.

நியேரி மாவட்டத்தில் இஹிதே என்ற, கிக்குயு இனக்குழுவினரின் ஊரில் 1940 ஏப்ரல் 1 அன்று பிறந்தார். அப்பா நக்குரு பக்கம் ஒரு வெள்ளைக்காரரின் பண்ணையில் வேலை பார்த்தார். அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. 1947இல் அம்மா பிள்ளைகளோடு இஹிதேவுக்கே திரும்பினார். அண்ணன் ந்தெரிட்டு ஒருநாள் அம்மாவிடம் ‘நாங்களெல்லாம் பள்ளிக்குப் போகிறோம், வங்காரி ஏன் போகவில்லை?’ என்று கேட்க, அம்மாவும் போகக் கூடாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். எட்டு வயதில் உள்ளூர்ப் பள்ளி. பதினோரு வயதில் மத்தாரி கத்தோலிக்க மிஷனின் விடுதிப் பள்ளி. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த மௌ மௌ போராட்டத்தில் கிக்குயு கிராமங்கள் சிதைந்த ஆண்டுகள் அவை. விடுதி அவருக்கு ஓரளவு பாதுகாப்பாக இருந்தது. பிறகு லிமுருவில் லொரேட்டோ உயர்நிலைப்பள்ளி, 1959 வரை.

அடுத்த ஆண்டே கதவு திறந்தது. விடுதலை நெருங்குகிறது, நாட்டை நடத்தப் படித்தவர்கள் வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர் டாம் ம்போயா அமெரிக்காவில் நிதி திரட்டி மாணவர்களை விமானத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார். 1960 செப்டம்பரில் போன சுமார் 300 பேரில் வங்காரி ஒருவர். கான்சஸ் மாநிலத்தின் அட்சிசன் என்ற சிற்றூரில் இருந்த மவுண்ட் செயின்ட் ஸ்கொலாஸ்டிகா கல்லூரியில் 1964இல் உயிரியல் பட்டம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1966இல் முதுகலை. ஆய்வுப்பொருள், காடைகளின் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி.

அந்தக் காடை ஆய்வைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். திசுவைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் கைத்தொழிலை அவர் அங்கேதான் கற்றார். அதுதான் பிறகு அவரைக் காப்பாற்றியது. நைரோபியில் விலங்கியல் துறையில் ஆய்வு உதவியாளர் பணி தருவதாக வந்த கடிதத்தோடு ஊர் திரும்பினால், அந்த இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. தான் பெண் என்பதும் தன் இனக்குழுவும்தான் காரணம் என்று கடைசிவரை அவர் நம்பினார். கையில் வேலையில்லாமல் அலைந்தபோது, ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் ரைன்ஹோல்ட் ஹோஃப்மன், புதிதாகத் தொடங்கிய கால்நடை உடற்கூறியல் துறையில் அவரைச் சேர்த்துக்கொண்டார். நுண்ணுடற்கூறியல் பிரிவுக்குத் திசு வேலை தெரிந்த ஆள் வேண்டியிருந்தது.

கேள்வி: அவர் கால்நடை மருத்துவரா?

பதில்: இல்லை. மருத்துவர்களாகப் போகிறவர்களுக்கு உடற்கூறியல் கற்பித்தவர். 1967இல் கீசனுக்கும் மியூனிக்குக்கும் போய் ஆய்வு செய்து, 1969இல் உதவி விரிவுரையாளராகத் திரும்பினார். மாட்டினத்தில் இனப்பெருக்கச் சுரப்பிகள் கருவிலேயே எப்படி உருவாகி ஆண், பெண் என்று பிரிகின்றன என்பதே முனைவர் பட்ட ஆய்வு. 1974இல் முதுநிலை விரிவுரையாளர், 1976இல் துறைத் தலைவர், 1977இல் இணைப் பேராசிரியர். நைரோபியில் இந்த நாற்காலிகளில் அமர்ந்த முதல் பெண் அவரே.

அங்கேயே முதல் போராட்டமும் நடந்தது. குடியிருப்பு, ஓய்வூதியம் போன்ற சலுகைகள் ஆண் ஆசிரியர்களுக்கு முழுதாகவும் பெண்களுக்குக் குறைத்தும் கிடைத்தன. கணவன் பார்த்துக்கொள்வான் என்ற கணக்கு. உயிர்வேதியியல் ஆசிரியை வெர்டிஸ்டைன் ம்பாயாவோடு சேர்ந்து அவர் அதை எதிர்த்தார். ஆசிரியர் சங்கத்தைத் தொழிற்சங்கமாக்கிப் பேரம் பேச முயன்றார்கள். நீதிமன்றம் ஒப்பவில்லை, ஆனால் கேட்டவற்றில் பல பின்னாளில் கிடைத்தன. மரத்தை வைத்து மட்டும் வங்காரியைப் பார்ப்பவர்கள் இந்தப் பகுதியைத் தவற விடுகிறார்கள்.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாத பெண்களை வைத்துக் கோடிக்கணக்கில் மரம் வளர்த்தது எப்படி? நடைமுறையை விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்: அவருடைய முதல் நாற்றங்கால் தோற்றுப்போனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1970களின் நடுவில் என்விரோகேர் என்ற பெயரில் மரம் நட வேலையற்றவர்களுக்குக் கூலி கொடுக்கும் திட்டம் ஒன்றைக் கரூரா காட்டு நாற்றங்காலில் தொடங்கினார். பணம் இல்லை, முயற்சி நின்றுபோனது. நடுகிறவருக்கும் மரத்துக்கும் எந்த உறவும் இல்லாத திட்டம் அது.

அடுத்த முறை பெண்களின் குறையிலிருந்து தொடங்கினார். தேசியப் பெண்கள் பேரவைக்கு வந்த கிராமத்துப் பெண்கள் விறகில்லை, நல்ல தண்ணீரில்லை, சத்தான சாப்பாடில்லை என்றார்கள். மூன்றையும் அவர் ஒரே முடிச்சாகப் பார்த்தார். மத்திய கென்யாவில் காப்பிக்கும் தேயிலைக்கும் நிலம் போனது, மரம் குறைந்தது, விறகு அருகியது, விறகு அருகியதால் நெடுநேரம் வேக வேண்டிய பயறும் கிழங்கும் போய், ரொட்டியும் தேநீரும் வந்தன, செழிப்பான பகுதி என்று பெயரெடுத்த இடத்திலேயே பிள்ளைகள் சத்துக் குறைந்து போனார்கள். மரம் இல்லாத சரிவில் மழை மண்ணை அரித்து ஓடையைக் கலக்கியது. 1977 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, நைரோபியின் கமுகுஞ்சியில் ஏழு மரங்கள் நட்டுத் தொடங்கினார்கள்.

நாட்டு மக்கள் தொகை அப்போது ஒன்றரைக் கோடி அளவில். ஆளுக்கொரு மரம் என்று கணக்குப் போட்டு வனத்துறைத் தலைவரிடம் போய் ஒன்றரைக் கோடிக் கன்று கேட்டார். அவர் சிரித்துவிட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஓராண்டு முடிவதற்குள் கூப்பிட்டு, இனிமேல் காசு கொடுக்க வேண்டும் என்றார். அவ்வளவு கன்றைப் பெண்கள் கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள்! வெளியிலிருந்து கன்று வாங்கிக் கட்டுப்படியாகாது என்று அதில் தெளிவானது. பெண்களே நாற்றங்கால் போட வேண்டும்.

வனத்துறை அலுவலர்கள் பாடம் நடத்த வந்தார்கள். நிலத்தின் சரிவு எத்தனை பாகை, வெயில் எந்தக் கோணத்தில் விழுகிறது, விதைப்பாத்தியின் ஆழம், சரளை, மண் வகை என்று போனது பேச்சு. பெண்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வங்காரி அந்தப் பாடத்தை ஒதுக்கினார். பயறும் சோளமும் ஆயுள் முழுக்க விதைத்தவர்களுக்கு விதை முளைக்க வைக்கத் தெரியாதா? ஊரில் நிற்கும் மரத்தடியில் விதை பொறுக்கினார்கள். உடைந்த சட்டி, பானையில் மண் போட்டு விதைத்தார்கள். கோழி கிளறாமல், ஆடு மேயாமல் அதை உயரமான இடத்தில் வைத்தார்கள். எந்த விதை எத்தனை நாளில் முளைக்கிறது என்பதைத் தாங்களே பார்த்துத் தெரிந்துகொண்டு, அடுத்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களைத்தான் ‘பட்டயம் இல்லாத வனவர்கள்’ என்று அவர் அழைத்தார்.

போகப் போக வேலைக்கு ஒரு வரிசை அமைந்தது. முதலில் குழு சேரும். தண்ணீருக்குப் பக்கமாக நாற்றங்காலுக்கு இடம் பார்க்கும். என்ன மரம், எத்தனை கன்று என்று தலைமை அலுவலகத்துக்கு அவ்வப்போது எழுதி அனுப்பும். எழுதத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிவத்தை நிரப்பினார்கள். கன்று தயாரானதும் ஊருக்கு அறிவிப்பு. கன்று வேண்டும் என்பவர் முன்கூட்டியே குழி வெட்ட வேண்டும்: இரண்டடி ஆழம், இரண்டடி அகலம். குழுவிலிருந்து ஒருவர் நேரில் போய்க் குழியைப் பார்ப்பார். குழி சரியாக இருந்தால்தான் கன்று கைக்கு வரும், அதுவும் இலவசமாக. நட்ட பிறகு, இடைவெளி விட்டு இரண்டு முறை போய் எத்தனை நிற்கின்றன என்று எண்ணுவார்கள். அதன் பிறகே நாற்றங்கால் நடத்திய பெண்களுக்குப் பணம். உயிர் பிடித்த கன்று ஒன்றுக்கு அமெரிக்கக் கணக்கில் 4 சென்ட். பட்டுப்போனதற்கு ஒன்றுமில்லை.

இந்த வரிசையில் எதை மாற்றினாலும் திட்டம் கெட்டுப்போகும். குழிக்கு முன்னால் கன்றைக் கொடுத்தால், அது வீட்டு மூலையில் வேர் காய்ந்து கிடக்கும். சின்னக் குழி வெட்டினால் முதல் கோடையில் வேர் கீழே இறங்காமல் கன்று வாடும். கொடுத்த எண்ணிக்கைக்குப் பணம் என்று வைத்திருந்தால் ஏட்டில் மட்டுமே காடு வளர்ந்திருக்கும். உயிரோடிருப்பதற்குப் பணம் என்றதும், கன்று கொடுத்த பெண்ணே வாங்கியவர் வீட்டுக்குப் போய், ஆட்டைக் கட்டு, தண்ணீர் ஊற்று என்று சொல்ல ஆரம்பித்தார். எங்கள் பார்வையில், அந்த இயக்கத்தின் பெரிய கண்டுபிடிப்பு இந்த 4 சென்ட் விதிதான். சோதனைச்சாலையில் சீவல் சீவலாகப் பார்த்துக் கணக்கெழுதிய பழக்கம் இதில் தெரிகிறது.

ஆயிரம் கன்றுக்குக் குறையாமல் வரிசையாக நட்டால் ஒரு பச்சைப் பட்டை. இயக்கத்தின் பெயர் அப்படி வந்தது. 2004இல் நோபல் அறிவிக்கப்பட்டபோது நட்டவை 3 கோடியைத் தொட்டிருந்தன.

கேள்வி: எந்த மரங்களை நட்டார்கள்? தைலமரத்தை அவர் எதிர்த்தார் என்று படித்தேன்.

பதில்: சொந்த நிலத்தில் விறகுக்கும் பழத்துக்கும் விரும்பியதை நடலாம், அரசுக் காட்டிலும் நீர்ப்பிடிப்பு மலையிலும் நாட்டு மரமே நட வேண்டும். இயக்கம் போகப் போக வந்துசேர்ந்த நிலை இது. சீக்கிரம் வளரும் அயல் மரங்களின் மேல் பெண்களுக்கு ஆசை இருந்ததும் உண்மை, வீட்டில் அடுப்பு காத்திருக்கிறதே. ஆனால் ஆங்கிலேயர் காலத்திலிருந்து மலைச்சரிவுகளில் இயற்கைக் காட்டை வெட்டி யூகலிப்டஸ், பைன் தோட்டங்கள் போட்டதால், மழைநீரைப் பிடித்துவைக்கும் அடித்தளச் செடிகொடிகள் போய் ஓடைகள் வற்றின என்பது அவர் விடாமல் சொன்ன செய்தி.

அதற்குப் பின்னால் ஒரு குழந்தைப் பருவக் காட்சி இருக்கிறது. இஹிதே வீட்டருகே ஒரு முகுமோ மரம், அத்தி இனம். அதன் சுள்ளியைக்கூடப் பொறுக்கக் கூடாது, அது கடவுளின் மரம் என்பார் அம்மா. மரத்தடிப் பக்கம் ஊற்றெடுத்த ஓடையில் தவளை முட்டைகள் மணிமாலைபோலக் கிடக்கும். சிறுமி அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று கைவிட்டு அள்ளுவாள். எடுத்ததும் வழுக்கி உடையும். அமெரிக்காவிலிருந்து திரும்பிய பின் ஒருமுறை போய்ப் பார்த்தபோது மரத்தை வெட்டித் தேயிலை போட்டிருந்தார்கள். ஓடையும் இல்லை. ஆழமாக இறங்கும் அத்தி வேர் பாறையடியில் கிடக்கும் தண்ணீருக்கு வழி திறக்கிறது, மேல்மண்ணையும் பிடித்து வைக்கிறது என்று அறிவியல் படித்தவராக அப்போது அவரால் விளக்க முடிந்தது. அம்மா அதையே வேறு சொற்களில் சொல்லியிருந்தார்.

கேள்வி: கணவர் பெயர் மத்தாய், இவர் பெயர் மாத்தாய் என்று எழுதுகிறார்களே, அச்சுப்பிழையா?

பதில்: பிழையில்லை, வேண்டுமென்றே நீட்டியது. அரசியல்வாதியான ம்வாங்கி மத்தாயை 1969இல் மணந்தார், மூன்று பிள்ளைகள். 1977இல் கணவர் பிரிந்தார், 1979இல் வழக்கு மன்றத்தில் விவாகரத்து. குற்றம் நிரூபித்தால்தான் விவாகரத்து கிடைக்கும் என்ற சட்டம், அதனால் வீட்டு விவகாரம் எல்லாம் செய்தித்தாளில் நாறியது. தீர்ப்புக்குப் பிறகு ஒரு பத்திரிகைப் பேட்டியில், நீதிபதி ஒன்று திறமையற்றவராக அல்லது ஊழல்காரராக இருக்க வேண்டும் என்று சொன்னார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஆறு மாதச் சிறை. மூன்று நாளில் வெளியே வந்தார்.

தன் குடும்பப் பெயரை இனி வைத்துக்கொள்ளக் கூடாது என்றார் முன்னாள் கணவர். ஒரு பொருளைப் போலத் தன் பெயரை மாற்ற முடியாது என்று முடிவெடுத்து, வங்காரி அதில் ஒரு ‘அ’ சேர்த்தார். தமிழில் எழுதும்போது குறில் நெடிலாகிறது, அவ்வளவே. அந்த நெடில்தான் அவருடைய சொந்தப் பெயர். தயவுசெய்து ‘மத்தாய்’ என்று எழுதாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு உயர்ந்த பேராசிரியர் வேலையை ஏன் விட்டார்?

பதில்: தேர்தலுக்காக. 1982இல் நியேரிப் பகுதியில் இடைத்தேர்தல் வந்தது. பல்கலைக்கழகப் பணியில் இருந்துகொண்டு நிற்க முடியாது என்பது விதி, எனவே ராஜினாமா செய்தார். மனுவைப் பார்த்த தேர்தல் குழு, 1979 தேர்தலுக்கு முன் வாக்காளராக மறுபடி பதிவு செய்துகொள்ளவில்லை, எனவே தகுதியில்லை என்றது. வழக்குப் போட்டார், தொழில்நுட்பக் காரணத்தில் தோற்றார். வேலையைத் திரும்பக் கேட்டால் தரவில்லை. பல்கலைக்கழக வீட்டையும் காலிசெய்யச் சொன்னார்கள். 16 ஆண்டுப் பணி போனது.

விதி என்ன, யார் அதை எப்போது எடுக்கிறார்கள் என்பதை அவர் மறக்கவேயில்லை. நைரோபியில் சௌத் சி பகுதியில் தனக்கிருந்த சிறிய வீட்டுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து நார்வே வனவியல் சங்கத்தின் வில்ஹெல்ம் எல்ஸ்ருட் கிரீன் பெல்ட்டோடு கைகோக்க வந்தார். பெண்களுக்கான ஐ.நா. தன்னார்வ நிதியின் தொடக்கப் பணமும் வந்தது. வங்காரி முழுநேர ஒருங்கிணைப்பாளரானார். இயக்கம் நாடு முழுக்கப் பரவியது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: ஒரு பூங்காவைக் காக்க அதிபரையே எதிர்த்தார் என்கிறார்கள். உண்மையில் என்ன நடந்தது?

பதில்: உஹுரு என்றால் சுவாஹிலியில் விடுதலை. நைரோபியின் நெரிசலான வணிகப் பகுதியை ஒட்டிய உஹுரு பூங்காதான் ஏழைக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரும் புல்வெளி. 1989இல் அங்கே 60 மாடிக் கட்டடம் வரப்போவதாக அவருக்குத் தகவல் கிடைத்தது. ஆளும் கானு கட்சியின் தலைமையகம், கட்சி நாளேட்டின் அலுவலகம், கடைகள், 2,000 கார் நிறுத்துமிடம், அதிபர் டேனியல் அராப் மோயின் பெரிய சிலை. செலவு சுமார் 20 கோடி டாலர். பெரும்பகுதி வெளிநாட்டுக் கடன்.

அவர் கூட்டம் சேர்க்கவில்லை, கடிதம் எழுதினார். கென்யா டைம்ஸ் நாளேட்டுக்கு, அதிபர் அலுவலகத்துக்கு, நகர ஆணையத்துக்கு, ஐ.நா. அமைப்புகளுக்கு. பிரிட்டிஷ் பதிப்பாளர் ராபர்ட் மாக்ஸ்வெல் பங்குதாரர் என்பதால் பிரிட்டிஷ் தூதருக்கும். இந்தச் செய்தி உண்மையா, பசுமைவெளி போனால் மக்கள் எங்கே போவார்கள், லண்டன் ஹைட் பார்க்கில் இப்படிக் கட்ட விடுவீர்களா என்று கேள்விகளாகவே எழுதினார். ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் பத்திரிகைகளுக்குப் போனது. அதிகாரம் பதில் சொல்லாவிட்டாலும் கேள்வி ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

பதில் நாடாளுமன்றத்திலிருந்து வசையாக வந்தது. கணவனால் கைவிடப்பட்டவர்களின் கும்பல் என்று இயக்கத்துப் பெண்களை உறுப்பினர்கள் ஏசினார்கள். நவம்பர் 15 அன்று அடிக்கல் நாட்டினார்கள். தடை கேட்டு அவர் உயர்நீதிமன்றம் போனார். டிசம்பர் 11 அன்று மனு தள்ளுபடி. அந்தக் கட்டடத்தால் அவருக்குத் தனிப்பட்ட இழப்பு எதுவும் இல்லை, எனவே வழக்குத் தொடுக்க உரிமையில்லை என்பது காரணம். சட்டம் படிக்கும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: கென்யாவின் 1999 சுற்றுச்சூழல் சட்டமும் 2010 அரசமைப்பின் 70ஆம் பிரிவும், சொந்த நட்டத்தைக் காட்டாமலேயே எவரும் சுற்றுச்சூழலுக்காக வழக்குப் போடலாம் என்று ஆக்கிவிட்டன. தோற்ற அந்த வழக்கு இன்றும் அங்கே பாடமாக இருக்கிறது.

மறுநாள் அதே பூங்காவில் குடியரசு நாள் பேச்சில் மோய், ஆப்பிரிக்க மரபுப்படி பெண் ஆணை மதித்து அமைதியாக இருக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். அரசுக் கட்டடத்திலிருந்த இயக்க அலுவலகத்தைக் காலிசெய்ய வைத்தார்கள். அலுவலகம் அவருடைய சின்ன வீட்டுக்குள் வந்தது. ஆனால் கடன் கொடுப்பவர்கள் யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள். 1990 தொடக்கத்திலேயே கட்டடத்தைச் சுருக்குவதாக அறிவிப்பு. பிறகு திட்டமே கைவிடப்பட்டது. பூங்கா பிழைத்தது.

கேள்வி: அவர் தாக்கப்பட்டது எங்கே, எதற்காக?

பதில்: இரண்டு நிகழ்வுகள் முக்கியம். 1992 பிப்ரவரி 28 அன்று, அரசியல் கைதிகளின் தாய்மார்கள் உஹுரு பூங்காவின் ஒரு மூலையில் பிள்ளைகளை விடுவிக்கக் கோரி உண்ணாநோன்பு தொடங்கினார்கள். வங்காரி அவர்களோடு உட்கார்ந்தார். மார்ச் 3 அன்று காவலர்கள் கண்ணீர்ப்புகையோடும் தடியோடும் வந்தார்கள். அடிபட்டு நினைவிழந்த அவரை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். வயதான தாய்மார் சிலர் தங்கள் ஆடையைக் களைந்து காவலர்கள் முன் நின்றார்கள். மகன் வயதுள்ளவர் முன் தாய் அப்படி நிற்பது அந்த மண்ணில் கொடிய சாபம். பிறகு ஆல் செயிண்ட்ஸ் தேவாலயத்தில் தங்கி விழித்திருந்தார்கள். 1993 தொடக்கத்துக்குள் கைதிகளில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றும் ‘விடுதலை மூலை’ என்றே பெயர்.

மற்றது கரூரா. நைரோபியின் வடக்கே 1,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு. ஆட்சிக்கு வேண்டியவர்களுக்குத் துண்டு துண்டாக அது போய்க்கொண்டிருந்தது. 1999 ஜனவரி 8 அன்று எதிர்க்கட்சி உறுப்பினர்களோடும் பத்திரிகையாளர்களோடும் கன்று நடப் போனார். காட்டு வாசலில் ஏவப்பட்ட ஆட்கள் அடித்தார்கள். தலையில் வெட்டுப்பட்ட அவர் நேரே காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்து, தலையிலிருந்து வடிந்த ரத்தத்தாலேயே கையெழுத்திட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று பொது நிலத்தை ஒதுக்குவதை நிறுத்துவதாக மோய் அறிவித்தார்.

கேள்வி: ஆட்சியில் இருந்தபோது என்ன செய்தார்? பிறகு ஏன் தோற்றார்?

பதில்: 1997இல் அதிபர் பதவிக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒன்றாக நின்று இரண்டிலும் மோசமாகத் தோற்றார். 2002 டிசம்பரில் எதிர்க்கட்சிகள் நார்க் கூட்டணியாகச் சேர்ந்தபோது, டெட்டு தொகுதியில் 98 விழுக்காடு வாக்கோடு வென்றார். 2003 ஜனவரியிலிருந்து 2005 நவம்பர் வரை சுற்றுச்சூழல் துறை உதவி அமைச்சர். இந்தச் சொல்லில் ‘உதவி’ முக்கியம்: அன்று உதவி அமைச்சருக்கு அமைச்சரவையில் இடம் இருக்கவில்லை, கோப்பில் கடைசிக் கையெழுத்தும் அவருடையதாக இருக்கவில்லை. 2005 வனச் சட்டம், காட்டை ஒட்டி வாழும் ஊர்மக்கள் சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்தில் பங்கேற்க வழிசெய்தது. அவர் துறையில் இருந்த காலத்தில் உருவான முக்கியமான மாற்றம் அது.

அவருக்கு அரசியலில் விலை கேட்டது ஷம்பா முறை. அரசு மரத்தோட்டத்தில் கன்று நட்ட இடைவெளியில் உழவர்கள் சில ஆண்டு சோளமும் உருளையும் பயிரிட்டுக்கொள்ளலாம். பதிலுக்குக் களை எடுத்துக் கன்றைக் காக்க வேண்டும். மரம் நிழல் கட்டியதும் வெளியேற வேண்டும். ஏட்டில் அழகான ஏற்பாடு. நடப்பில், நிழல் கட்டினால் நிலம் போகும் என்பதால் கன்று பிழைக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆசை வந்தது. உழுத சரிவில் மண் கரைந்தது. நாட்டுக் காடு திரும்ப வழியே இல்லாமல் போனது. அவர் இதை வெளிப்படையாக எதிர்த்தார். டெட்டுவோ அபெர்டேர் மலைக்காட்டை ஒட்டிய தொகுதி, நிலமற்றவர்களுக்கு அந்தப் பாத்திகள்தான் சோறு. 2007இல் அதிபர் கிபாகியின் கட்சி வேட்பாளர் தேர்விலேயே தோற்று, சிறு கட்சி ஒன்றின் சார்பில் நின்று தேர்தலிலும் தோற்றார். உலகம் சுற்றும் நோபல்காரர் தொகுதிக்கு எத்தனை நாள் வந்தார் என்ற முணுமுணுப்பும் இருந்தது. சொன்ன கருத்தை வாக்குக்காக மாற்றிக்கொள்ளவில்லை என்பதை அவர் பக்கம் எழுதத்தான் வேண்டும்.

கேள்வி: எய்ட்ஸ் கிருமியை விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள் என்று அவர் சொன்னதாக ஒரு குற்றச்சாட்டு உண்டே?

பதில்: 2004இல் நோபல் அறிவிப்புக்கு முன் கென்ய நாளேடு ஒன்று அப்படிச் செய்தி போட்டது. பரிசு அறிவித்த பிறகு உலகப் பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன. அதே டிசம்பரில் எழுத்து வடிவ அறிக்கை வெளியிட்டு, ஆப்பிரிக்கர்களை அழிக்க வெள்ளையர் அந்தக் கிருமியை உண்டாக்கினார்கள் என்று தான் சொல்லவும் இல்லை, நம்பவும் இல்லை என்று மறுத்தார். அவரைப் பற்றி எழுதும்போது குற்றச்சாட்டையும் மறுப்பையும் சேர்த்தே எழுதுவதுதான் முறை.

கேள்வி: நோபல் செய்தி வந்த நேரத்தில் மரம் நட்டாராமே? அவர் உடல் மரப்பெட்டியில் வைக்கப்படவில்லை என்பதும் உண்மையா?

பதில்: இரண்டும் உண்மை. 2004 அக்டோபர் 8 அன்று தொகுதிக்குப் போகும் வழியில் தொலைபேசி வந்தது. நியேரியில் அவுட்ஸ்பான் ஹோட்டல் வளாகத்தில் நிறுத்தி, கென்யா மலையைப் பார்த்தபடி, மண்ணில் முழந்தாளிட்டுக் கையாலேயே குழி பறித்து ஒரு நந்தி ஃப்ளேம் கன்றை நட்டார். செக்கச்செவேலெனப் பூக்கும் மரம் அது.

சினைப்பைப் புற்றுநோயால் 2011 செப்டம்பர் 25 அன்று நைரோபியில் இறந்தார். வயது 71. அக்டோபர் 8 அன்று அரசு மரியாதையோடு அவர் உடலை உஹுரு பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய நாள்தான் லைபீரியாவின் எலன் ஜான்சன் சர்லீஃப், லேமா போவீ என்ற இரண்டு ஆப்பிரிக்கப் பெண்களுக்கு அமைதி நோபல் அறிவிக்கப்பட்டிருந்தது. தனக்காக ஒரு மரமும் வெட்டக் கூடாது என்று அவர் சொல்லி வைத்திருந்தார். மூங்கில் சட்டம் கட்டி, பாப்பிரஸ் கோரையும் ஆகாயத்தாமரைத் தண்டும் வைத்துப் பின்னிய பெட்டியில் அவரைக் கிடத்தி, கரியோகோர் தகனமேடையில் எரியூட்டினார்கள்.